பிடித்த நிறமும் பழகும் அறையும்: டெல்டா வீடுகளின் உட்சுவர் வண்ணங்கள்

மார்கழி பிறந்ததும் காவிரி டெல்டாவின் பெயிண்டுக் கடைகளில் கூட்டம் சேரத் தொடங்கிவிடும். பொங்கலுக்கு வீட்டைப் புதுப்பிப்பவர்கள், தையில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் என்று எல்லோரும் ஷேடு கார்டை விரித்து வைத்துக்கொண்டு, கூடத்துக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒருவருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பது முதலாவது. அந்த நிறம் பூசிய நான்கு சுவர்களுக்குள் காலை முதல் இரவு வரை இருக்கும்போது அவருடைய கண்ணும் மனமும் எப்படி இருக்கும் என்பது இரண்டாவது. உளவியலாளர்கள் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவரும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் நிறவகையிலும் அதனோடு ஒட்டிய நினைவுகளிலும் இருப்பதும், இரண்டாவதன் விடை அந்த நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு செறிவு, எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பவற்றில் இருப்பதும் தெரிகிறது. நம் ஊர் வீடுகளில் பெயிண்ட் காய்ந்த பிறகு எழும் வருத்தங்களில் பெரும்பகுதி, முதல் கேள்விக்குக் கிடைத்த விடையையே இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொண்டதால் வந்தது என்பது என் கணிப்பு.

நிற விருப்பம் பற்றிய ஆய்வுகளில் முன்னோடியாக அடிக்கடி சொல்லப்படுவது 1941-இல் ஹான்ஸ் ஐசங்க் வெளியிட்ட கட்டுரை. அதுவரை வந்திருந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நீலம் முதலிடத்திலும் மஞ்சள் கடைசியிலும் நிற்கும் ஒரு வரிசை மனிதர் எல்லோருக்கும் பொதுவானது என்று அவர் முடிவு செய்தார். நீலத்தின் முதலிடம் பிறகு நடந்த பல ஆய்வுகளிலும் உறுதிப்பட்டது. ஆனால் ஏன் நீலம் என்பதற்கு ஓரளவு நிறைவான விளக்கம் 2010-இல்தான் வந்தது. அமெரிக்காவின் பெர்க்லியில் ஸ்டீபன் பாமரும் கேரன் ஷ்லாஸும் 32 நிறங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் ஒவ்வொரு நிறத்தையும் காட்டி, அந்த நிறத்தில் நினைவுக்கு வரும் பொருள்களை எழுதச் சொன்னார்கள். வேறொரு குழுவிடம் நிறத்தைக் காட்டாமல் அந்தப் பொருள்களின் பெயர்களை மட்டும் கொடுத்து, அவை எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார்கள். பொருள்களுக்குக் கிடைத்த மதிப்பெண்களைக் கொண்டு நிறங்களுக்கு ஒரு சராசரி கணக்கிட்டபோது, அது இன்னொரு குழுவின் நேரடியான நிற விருப்பங்களில் காணப்பட்ட ஏற்ற இறக்கத்தில் சுமார் 80 விழுக்காட்டை விளக்கியது. தெளிந்த வானமும் தூய நீரும் பலருக்கும் பிடிக்கும், எனவே நீலம் பிடிக்கிறது. அழுகல், கழிவு, சீக்கு இவற்றை நினைவூட்டும் கரும்மஞ்சளும் பழுப்புப் பச்சையும் பலருக்குப் பிடிப்பதில்லை. பிடித்த சிவப்புப் பொருள்களின் படங்களைச் சிறிது நேரம் பார்த்தாலே சிவப்பின் மீதான விருப்பம் சற்றுக் கூடுகிறது என்பதையும் 2013-இல் இதே குழு காட்டியது.

இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், பொருள்களும் அவற்றின் மீதான பற்றும் மாறும் இடத்தில் நிற வரிசையும் மாற வேண்டும். 2013-இல் நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் நடந்த ஆய்வில் நீலத்தின் முதலிடம் காணப்படவில்லை, அவர்கள் செறிவான நிறங்களையே விரும்பினார்கள். பொருள் நினைவுக் கணக்கும், ஒப்பிடுவதற்காக அதே ஆய்வில் சேர்த்திருந்த பிரிட்டன் மக்களிடம் பொருந்திய அளவுக்கு ஹிம்பா மக்களிடம் பொருந்தவில்லை. ஆக, ஐசங்க் சொன்ன பொது வரிசை எல்லா ஊருக்கும் செல்லாது, பெர்க்லியின் கணக்கும் எல்லா ஊருக்கும் முழுமையாகச் செல்லாது. பெயிண்டு நிறுவனங்களின் விளம்பரப் புத்தகங்களில் ‘நீலம் அமைதி தரும், மஞ்சள் உற்சாகம் தரும்’ என்று எழுதியிருப்பதை டெல்டாவில் ஒரு வீட்டுக்காரர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

டெல்டாவில் நிறங்களோடு எவை ஒட்டியிருக்கின்றன என்று யோசித்தால் வேறொரு வரைபடம் கிடைக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, நாற்று பிடித்த பிறகு பச்சையே கண்ணுக்கு எட்டிய வரை நிற்கும். அந்தப் பச்சை வெறும் அழகு இல்லை, அந்த ஆண்டு கடன் அடையும் என்ற நம்பிக்கை. அதே வயல் தையில் பொன்னிறமாகச் சாயும்போது, மஞ்சளை ஒட்டிய அந்த மங்கிய நிறத்தை நம் விவசாயி வெறுப்பார் என்று பெர்க்லி வரிசையை வைத்துச் சொல்ல முடியாது. மஞ்சள் பூசிய நிலைப்படி, தாலிக் கயிறு, பத்திரிகையின் ஓரத்தில் தடவிய மஞ்சள் என்று மங்கலமான எல்லாவற்றிலும் அந்த நிறம் இருக்கிறது. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்கள் நிறத்தை வழிபாட்டோடே கட்டிவைத்திருக்கின்றன. ஆலங்குடியில் குருவுக்கு மஞ்சள் வஸ்திரம், திருநள்ளாற்றில் சனிக்குக் கருமையும் கருநீலமும், திருநாகேஸ்வரத்தில் ராகுவின் மேல் ஊற்றும் பால் நீலமாக மாறுவதாக நம்பிக்கை. ஏழரை நடக்கும் வீட்டில் கருநீலத்தைக் கூடத்துச் சுவரில் ஏற்றத் தயங்குகிறவர்களை இங்கே எளிதில் பார்க்கலாம். அதே கருநீலத்தை ஒரு மேல்நாட்டு அட்டவணை நம்பிக்கையின் நிறம் என்று பரிந்துரைத்திருக்கும்.

அரசியலும் இதில் உண்டு. கட்சிக் கொடிகள் நட்ட முக்குகளைக் கடந்துதான் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்தின் எந்தத் தெருவுக்குள்ளும் போக முடியும். கருப்பும் சிவப்பும், தனிச் சிவப்பு, பச்சையோடு வேறொன்று என்று சில சேர்க்கைகளைச் சுவரில் பார்த்ததும் ஊர் அதைக் கொடியாகவே வாசிக்கும். ஆகவே வெளிச் சுவரில் மட்டுமல்லாமல், வாசலிலிருந்து கண்ணில் படும் கூடத்துச் சுவரிலும் அந்தச் சேர்க்கைகளை விலக்குகிறவர்கள் உண்டு, வேண்டுமென்றே வைக்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஷ்லாஸும் பாமரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்தல் நாளன்று இரு கட்சி ஆதரவாளர்களும் தங்கள் கட்சி நிறத்தைச் சற்று அதிகமாக விரும்பியது பதிவாகியிருக்கிறது, மற்ற நாள்களில் அந்த வேறுபாடு காணப்படவில்லை. பற்று கிளர்ந்திருக்கும் நேரத்தில் நிறமும் கிளர்கிறது என்பது நம் ஊருக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் வீட்டுச் சுவர் தேர்தல் நாளுக்கு மட்டும் நிற்பதில்லை.

இதுவரை சொன்னவை விருப்பத்தைப் பற்றியவை. அறை என்ன செய்யும் என்பதற்கு வேறு அளவைகள் வேண்டும். நிறத்துக்கு மூன்று பரிமாணங்கள் உண்டு என்பதை அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் ஒரு முறையாகவே வகுத்துக் கொடுத்தார். சிவப்பா பச்சையா நீலமா என்னும் நிறவகை ஒன்று. வெளுப்புக்கும் கருமைக்கும் இடையில் அது எங்கே நிற்கிறது என்னும் வெளிர்மை இரண்டு. சாம்பலிலிருந்து எவ்வளவு விலகித் தூக்கலாக இருக்கிறது என்னும் செறிவு மூன்று. கடையில் நாம் வாதிடுவதெல்லாம் முதலாவதைப் பற்றியே. 1994-இல் வால்டெஸ், மெஹ்ராபியன் இருவரும் நிறங்கள் எழுப்பும் உணர்ச்சிகளை இந்த மூன்று அளவைகளின்படி பிரித்துப் பார்த்தபோது, இனிமை, கிளர்ச்சி, ஆதிக்கம் என்னும் உணர்வுகளை வெளிர்மையும் செறிவும் வலுவாகத் தீர்மானித்ததையும் நிறவகையின் பங்கு ஒப்பளவில் சிறிதாகவே இருந்ததையும் கண்டார்கள். பச்சையா நீலமா என்று ஒரு குடும்பம் இரண்டு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பச்சை எவ்வளவு தூக்கலானது என்பதை யாரும் கேட்காமல் விட்டால், அறையின் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிற விஷயம் தற்செயலுக்கு விடப்படுகிறது.

பாபநாசத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில், பட்டி பார்த்து ப்ரைமர் ஏற்றிய கூடத்தில், பெயிண்டர் பிஸ்தா பச்சையின் இரண்டாவது கோட்டை முடித்துக்கொண்டிருந்தபோது நான் அங்கே இருந்தேன். வீட்டுக்காரப் பெண் சமையலறையிலிருந்து வந்து பார்த்ததும் முகம் மாறியது. “அண்ணே, கார்டுல பாக்கறப்ப இளசா இருந்துச்சே, இப்ப என்ன இப்படி அடிக்குது?” என்றார். “பொட்டளவு பாத்துட்டு வாங்குனா அப்படித்தாம்மா. நாலு சுவரும் ஏறுனா கலர் தூக்கும். ரெண்டு சேடு இறக்கி எடுத்திருக்கணும்” என்று அவர் உருளையை வைத்துவிட்டுச் சொன்னார். அனுபவத்திலிருந்து அவர் சொன்னதற்கு இயற்பியல் காரணம் உண்டு. அட்டையில் இருக்கும் இரண்டு விரல் அகலச் சதுரத்தின் மேல் விழும் ஒளி ஒருமுறை திரும்பி நம் கண்ணுக்கு வந்துவிடும். அறையிலோ ஒளி ஒரு சுவரில் பட்டு எதிர்ச் சுவருக்குப் போய், அங்கிருந்து கூரைக்கும் மூலைக்கும் போய், ஒவ்வொரு முறையும் அந்தச் சுவரின் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டே வருகிறது. பச்சைச் சுவரில் இரண்டு மூன்று முறை பட்டு வந்த ஒளி, ஒருமுறை பட்டதைவிடப் பச்சையாக இருக்கும். மூலைகளில் நிறம் இன்னும் தூக்கலாகத் தெரிவதும் இதனால்தான். அந்த ஒளியே கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்திலும் இலையில் பரிமாறிய சோற்றிலும் விழுகிறது. பச்சை ஒளி நம் தோல் நிறத்தைச் சோகை பிடித்ததுபோலக் காட்டும் என்பதை, கூடம் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லத் தெரிந்து காரணம் சொல்லத் தெரியாதவர்களும் உணர்ந்திருப்பார்கள்.

இதே திரும்பு ஒளிக்கு இன்னொரு விளைவும் இருக்கிறது. சுவரில் விழும் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் நல்ல வெள்ளைச் சுவர்களுள்ள அறையில், முதல் திரும்பலில் 80 பங்கும் இரண்டாவதில் 64 பங்கும் மூன்றாவதில் 51 பங்கும் மிஞ்சும். 40 விழுக்காடு மட்டும் திருப்பும் நடுத்தர நிறச் சுவர்களில் அதுவே 40, 16, 6 என்று சரிந்துவிடும். சன்னலும் விளக்கும் மாறாமல் இருந்தும் அறை இருண்டுபோவது ஏன் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பழைய டெல்டா வீடு இந்தக் கணக்கைத் தெரிந்து கட்டியதுபோலவே இருக்கும். திண்ணை தாண்டி, ரேழி தாண்டி உள்ளே போனால் முற்றம். ஓட்டுச் சரிவுகளுக்கு நடுவே திறந்திருக்கும் அந்தச் சதுர வானத்திலிருந்து இறங்கும் ஒளி, தாழ்வாரத் தூண்களைக் கடந்து கூடத்துக்கு வரும்போது கூசாமல் பரவியிருக்கும். சுவரில் சுண்ணாம்பு, அதில் கொஞ்சம் நீலம். சுண்ணாம்பின் லேசான மஞ்சளை அந்த நீலம் அடக்கி, வெள்ளையைப் பளிச்சென்று காட்டியது. இதற்குப் பயன்பட்ட அல்ட்ராமரைன் நீலம் சுண்ணாம்பின் காரத்துக்கு வெளுக்காதது. கீழே காவித் தரை. தேக்குத் தூண், தேக்கு நிலை, ஊஞ்சல் பலகை எல்லாம் கருமையானவை. அறையின் பெரிய பரப்புகள் அனைத்தும் வெளிர், கருமையும் செறிவும் தரையிலும் மரத்திலும் மட்டும் என்பது அந்த வீட்டின் நிற ஒழுங்கு. மண் நிறங்களின் இயல்பான அடக்கமும் அதற்குத் துணை நின்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் இருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கேயும் காவிச் சிவப்பு, மண் மஞ்சள், மண் பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, கரிக் கருப்பு இவைதாம் மேலோங்கி நிற்கின்றன. கண்ணை உறுத்தும் செறிவு அந்தக் காலத்துச் சுவருக்கு எளிதில் கைக்கு எட்டும் பொருளாக இருக்கவில்லை.

இன்று கட்டும் வீட்டில் முற்றம் இல்லை, இருந்தாலும் பாதுகாப்புக்காகவும் மழைக்காகவும் மேலே கம்பியும் கண்ணாடியிழைத் தகடும் போட்டு மூடியாகிவிட்டது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் நெருங்கி நிற்கிறது. பகலிலேயே ட்யூப்லைட்டோ எல்.இ.டி. பட்டையோ எரிகிறது, அதுவும் பெரும்பாலும் 6500 கெல்வின் கூல் டே லைட் (இந்தக் கெல்வின் எண் கூடக் கூட வெளிச்சத்தில் நீலம் கூடும்). நீலம் மிகுந்த அந்த வெளிச்சத்தில் கிரீமும் சந்தன நிறமும் தம் கதகதப்பை இழந்து சாம்பல் ஓடித் தெரியும், நீலமும் பச்சையும் இன்னும் குளிர்ந்து தெரியும். கடையின் முன்வாசல் வெயிலில் ஷேடு கார்டைப் பார்த்துத் தேர்ந்த நிறம், வீட்டில் வேறொன்றாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிச்சம் குறைந்த இந்த அறைகளில்தான், ஆயிரக்கணக்கான ஷேடுகளைக் கம்ப்யூட்டரில் கலந்து தரும் வசதி வந்த பிறகு, ஒரு சுவருக்கு மட்டும் ஆழ்ந்த ஊதாவோ ஆரஞ்சோ அடிக்கும் வழக்கமும் வந்தது. முற்றத்து வெளிச்சம் தாங்கியிருக்கக்கூடிய நிறத்தை முற்றமில்லாத அறையில் ஏற்றுகிறோம் என்பதுதான் இதில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை.

அறைக்குள் இருப்பவர்களை நேரடியாகக் கவனித்த ஆய்வுகளுக்கு வருவோம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் நான்சி குவாலெக்கும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது தனி நிறங்கள் பூசிய அலுவலக அறைகளில் மாணவர்களை எழுத்து வேலை செய்யவைத்தார்கள். எந்த அறையில் வேலை செய்யப் பிடிக்கும் என்று கேட்டபோது வெள்ளைக்கும் வெளிர்ப் பழுப்புக்கும் ஆதரவு அதிகமாக இருந்தது, ஆரஞ்சும் ஊதாவும் பின்தங்கின. ஆனால் பிழைகளை எண்ணிப் பார்த்தபோது, வெள்ளை அறையில் இருந்தவர்கள் நீல, சிவப்பு அறைகளில் இருந்தவர்களைவிடக் கூடுதலாகப் பிழை செய்திருந்தார்கள். பிடித்த அறையும் உதவும் அறையும் ஒன்றாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து குறைவு. இதே ஆய்வு வரிசையில், சுற்றுப்புறத்தின் தூண்டல்களை எளிதில் ஒதுக்க முடிகிறவர்களுக்குச் சிவப்பு அறை பெரிய தொல்லையாக இருக்கவில்லை, ஒதுக்க முடியாதவர்களுக்குத் தொல்லையாக இருந்தது. சுவீடனின் ரிக்கார்ட் கியூலரும் அவருடைய குழுவினரும் 2009-இல் எழுதியதும் இதை ஒட்டியே இருக்கிறது. வலுவான நிறங்கள், குறிப்பாகச் சிவப்பு, மூளையைக் கூடுதலாகக் கிளர்த்துகின்றன. உள்ளொடுங்கிய இயல்புள்ளவர்களையும் ஏற்கெனவே மனம் சோர்ந்திருப்பவர்களையும் அது அதிகமாகப் பாதிக்கிறது. ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளையின் அறைக்கு நிறம் பார்க்கும்போது, அந்தப் பிள்ளை சத்தத்துக்கு நடுவே படிக்கக்கூடியவரா, சின்னச் சலனத்துக்கும் தலை தூக்குகிறவரா என்பதைத்தான் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். ராசிக்கு ஏற்ற நிறம் எது என்னும் கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

நீண்ட நாள் ஓரிடத்தில் வாழ்கிறவர்களைப் பற்றிய ஆய்வுகள் அரிது. அவற்றில் ஒன்று இத்தாலியில் நடந்து 2018-இல் வெளிவந்தது. கட்டட அமைப்பில் ஏறத்தாழ ஒன்றுபோலிருந்து, உட்சுவர் நிறத்தில் மட்டும் மாறுபட்ட ஆறு மாணவர் விடுதிக் கட்டடங்கள்: ஊதா, நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. சராசரியாக 13 மாதங்கள் அங்கே தங்கியிருந்த 443 மாணவர்களிடம் கேட்டதில், நீலம் முதலிலும் சிவப்பு கடைசியிலும் வந்தன, நீலம் படிப்புக்கு உதவுவதாகவும் அவர்கள் கருதினார்கள். என்னைக் கவர்ந்தது இன்னொரு முடிவு. தாம் வசித்த கட்டடத்தின் நிறத்தின் மீது மாணவர்களுக்குக் கூடுதலான சாய்வு இருந்தது. வாழ்ந்த இடம் பிடித்துப்போகிறது, அதனோடு அதன் நிறமும் பிடித்துப்போகிறது. தாத்தா வீட்டுக் கூடத்தின் நீலம் ஓடிய வெள்ளையைப் பெயிண்டுக் கடையில் தேடுகிறவர்களின் ஏக்கத்தை இது கொஞ்சம் விளக்குகிறது. ஆனால் அந்த வெள்ளையோடு முற்றத்து ஒளியும் உயர்ந்த கூரையும் சேர்ந்தேதான் அவர்கள் நினைவில் பதிந்திருக்கின்றன, டப்பாவில் நிறம் மட்டும்தான் கிடைக்கும்.

வெக்கையைப் பற்றி ஒரு பொதுநம்பிக்கை உண்டு. நீலமும் பச்சையும் அறையைக் குளிர்விக்கும், சிவப்பும் ஆரஞ்சும் சூடேற்றும் என்பார்கள். டென்மார்க்கின் ஃபாங்கரும் அவருடைய குழுவினரும் 1977-இல் மிகச் சிவந்த ஒளியிலும் மிக நீல ஒளியிலும் மக்களை அமரவைத்து, தமக்கு இதமான வெப்பநிலையை அவர்களே தேர்ந்துகொள்ளச் செய்தார்கள். வேறுபாடு 0.4 டிகிரி செல்சியஸ் மட்டுமே, நடைமுறையில் அது பொருட்படுத்தத்தக்கதில்லை என்று அவர்களே எழுதினார்கள். அக்னி நட்சத்திரத்தில் தஞ்சாவூர் மாடிவீட்டின் கான்கிரீட் கூரை இரவெல்லாம் உமிழும் வெக்கைக்கு முன்னால் உட்சுவரின் நீலம் ஒன்றும் செய்யாது. மொட்டைமாடியில் வெள்ளைப் பூச்சு அடித்தால் கூரை வாங்கும் வெயிலே குறையும். வெப்பத்துக்காகச் செலவழிக்க வேண்டிய பெயிண்ட் அங்கேதான் போக வேண்டும்.

நிறத்துக்கு மருத்துவக் குணம் சொல்லும் பேச்சுகளையும் இந்தத் தராசில்தான் வைக்க வேண்டும். 1979-இல் அமெரிக்கக் கடற்படையின் ஒரு காவலறைக்கு அடித்த இளஞ்சிவப்பு கைதிகளின் வன்முறையைத் தணித்ததாகப் புகழ் பெற்றது. பின்னர் சுவிட்சர்லாந்தின் ஒரு சிறையில் ஒழுங்காகக் கட்டுப்படுத்தி நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி எந்த விளைவும் தெரியவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அறையின் அளவைப் பற்றிய கண்ணின் மதிப்பீடு மட்டும் நிறத்துக்கு நன்றாகவே செவிசாய்க்கிறது. ஜெர்மனியின் ஓபர்ஃபெல்ட், ஹெக்ட் குழுவினர் 2010-இல் காட்டியபடி, கூரை வெளிராக இருந்தால் அறை உயரமாகத் தெரிகிறது, சுவர்களும் வெளிராக இருந்தால் அந்த உணர்வு கூடுகிறது, தரையின் வெளிர்மைக்கு அதில் பங்கில்லை. பழைய வீட்டின் காவித் தரை அறையைத் தாழ்த்திக் காட்டியதே இல்லை என்பதோடு இது ஒத்துப்போகிறது. பத்தடிக் கூரையுள்ள இன்றைய வீட்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதன் நடுவில் கருநிறப் பட்டையும் அடிப்பவர்கள் இருக்கும் உயரத்தையும் இழக்கிறார்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை முன்னே நிற்கிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவந்து சுவரின் கீழ் மூன்றடியில் பூக்கவைக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியேற விட்டது. பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷன் அதை உள்ளே அடைத்து, கொப்புளித்து, செதிலாக உரிகிறது. அடர்ந்த நிறத்தின் மேல் அந்த வெள்ளைப் பூப்பு நூறு மடங்கு பளிச்சென்று தெரியும், வெளிர் நிறத்தில் மறைந்திருக்கும். எந்த நிறம் பிடிக்கும் என்று முடிவு செய்யும் முன், இரண்டு ஐப்பசி மழைக்குப் பிறகு அது எப்படி நிற்கும் என்று அங்கே ஒரு பெயிண்டரிடம் கேட்பது பயனுள்ளது.

நான் மிகவும் கவலைப்படும் விஷயம் முதியவர்களின் கண். டெல்டாவின் பல வீடுகளில் இன்று வயதான இருவர், சில வீடுகளில் ஒருவர் மட்டும், இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு, போனில் பார்த்த படங்களிலிருந்து வண்ணத்தைத் தேர்ந்து அனுப்புகிறார்கள். அந்தப் படங்களில் இப்போது மேலோங்கியிருப்பது சாம்பல்: சாம்பல் சுவர், சாம்பல் டைல்ஸ், சாம்பல் சோபா. இருபது வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால், அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேருகிறது. கண்ணின் வில்லை மஞ்சளாகிக்கொண்டே போவதால் நீல, ஊதா வேறுபாடுகள் மங்குகின்றன. தரைக்கும் படிக்கும், சுவருக்கும் கதவு நிலைக்கும் இடையில் போதுமான வெளிர்மை வேறுபாடு இல்லாத வீட்டில் அவர்களுக்குப் படியின் விளிம்பு தெரியாது. படத்தில் நளினமாகத் தெரிந்த அதே சாம்பல் ஒற்றுமை, இரவு பாத்ரூம் போகும் பாட்டிக்குத் தடுக்கி விழும் இடமாகிறது. மஞ்சள் பூசிக் குங்குமம் இட்ட நிலைப்படி, காவித் தரையில் வெள்ளைக் கோலம், வெள்ளைச் சுவரில் கருந்தேக்கு நிலை என்று பழைய வீட்டில் எல்லை ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தனித்து நின்றது. புதிய வீட்டிலும் படியின் விளிம்புக்கு ஓர் அடர்ந்த பட்டை, ஸ்விட்ச் போர்டுக்குச் சுவரிலிருந்து மாறுபட்ட நிறம், கழிப்பறைச் சுவருக்கும் பீங்கானுக்கும் இடையே வேறுபாடு என்று வைப்பதற்குக் கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

ஆகவே தேர்வின் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். முதலில் அறைக்குப் பகலில் எவ்வளவு வெளிச்சம் வருகிறது, இரவில் எந்த விளக்கு எரியப்போகிறது என்பதை முடிவு செய்ய வேண்டும், முடிந்தால் கூடத்தின் விளக்கை 6500-இலிருந்து 4000 கெல்வினுக்கு இறக்க வேண்டும். பிறகு வெளிர்மை: வெளிச்சம் குறைந்த அறைக்குச் சுவரும் கூரையும் வெளிர். பிறகு செறிவு: அட்டையில் பிடித்ததிலிருந்து ஒன்றிரண்டு ஷேடு இறக்கம். அதன் பிறகே பச்சையா மஞ்சளா என்னும் பேச்சு. ஒரு லிட்டர் மாதிரி வாங்கி, சன்னலுக்கு எதிர்ச் சுவரிலும் சன்னல் இருக்கும் சுவரிலும் மூன்றடிக்கு மூன்றடி இரண்டு கோட் அடித்து, காலை, நண்பகல், விளக்கு ஏற்றிய பின் என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தால் ஷேடு கார்டு சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும். மிஞ்சும் இரண்டு மூன்று நிறங்களும் அறைக்குத் தீங்கில்லாதவை என்பதால், அந்தக் கட்டத்தில் விருப்பத்துக்கும் நினைவுக்கும் நம்பிக்கைக்கும் தாராளமாக இடம் கொடுக்கலாம். கடைசித் தேர்வை அந்த அறையில் அதிக நேரம் இருப்பவரிடம் விட வேண்டும். டெல்டாவின் பெரும்பாலான வீடுகளில் அது அம்மாவாகவோ தாத்தாவாகவோதான் இருக்கும்.